பழைய கிரையப் பத்திரத்தை வெட்டி ஒரு கவிதை ஒட்டினேன், இது யாருடைய கவிதை?

நான்கெல்லை:

வணக்கம். இங்கே நெடுநாள் வாசகி, இழை தொடங்குவது இதுதான் முதல்முறை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தை மாதம் ஊரில் இருந்த வீட்டை விற்றோம். தாத்தா 1974-ல் வாங்கிய வீடு. விற்பதற்காக மூலப் பத்திரத்தை வெளியே எடுத்தபோது நாலைந்து ஜெராக்ஸ் போட்டோம், வக்கீலுக்கு ஒன்று, வாங்குகிறவருக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என்று போக ஒரு பிரதி என் கைப்பையிலேயே தங்கிவிட்டது. முத்திரைத்தாளில் யாரோ கையால் எழுதியது, நல்ல சாய்வான எழுத்து. பதிவு முடிந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பிரதியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். "ஆண்டு அனுபவித்து" என்ற இடம் வந்ததும் பையனின் பள்ளிக்கூடக் கத்தரியை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வீட்டைப் பற்றி என் சொந்தச் சொற்களில் எத்தனையோ முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். ஊஞ்சல், முற்றம், பாட்டியின் கைமணம் என்று எல்லாரும் எழுதுவது போலவே வந்து நிற்கும். பத்திரத்தில் அதெல்லாம் கிடையாது. அளவு, எல்லை, தொகை, அவ்வளவுதான். அதை வெட்டி ஒட்டியபோது இப்படி வந்தது:

தெருவுக்கு வடக்கு
கிணற்றுக்குத் தெற்கு
இதன் மத்தியில்
நான்

ஜலம், தரு, பாஷாணம்
ஆண்டு அனுபவித்து வந்த
யாதொரு வில்லங்கமும் இல்லை

ரொக்கமாய்ப் பற்றிக்கொண்டு
நாளது தேதியில்

சாட்சி
வேப்ப மரம் ஒன்று

ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. எல்லாமே அந்த நான்கு பக்கங்களில் இருந்தவை. எங்கள் ஊர் வாசகர் கூட்டத்தில் இதை வாசித்தேன். மூத்தவர் ஒருவர், "இதில் ஒரு வரிகூட உங்களுடையது இல்லையே அம்மா, பாராட்டுவதென்றால் பத்திரம் எழுதியவரைத்தான் பாராட்ட வேண்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதனால்தான் மனதை விட்டுப் போகவே இல்லை. கடன் வாங்கிய சொற்களால் ஆனதை என் பெயரில் வெளியிடலாமா? இதைச் செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஈற்றடி:

வாழ்க அம்மா. முப்பது வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்கிறேன், நீங்கள் செய்தது நம் மரபுக்குப் புறம்பானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் சோமேசர் முதுமொழி வெண்பா என்று ஒரு நூல் செய்தார். 133 அதிகாரத்துக்கும் அதிகாரத்துக்கு ஒரு குறளாக எடுத்துக்கொண்டார். வெண்பாவின் முதல் இரண்டு அடியில் ஒரு பழைய கதையைச் சுருக்கி வைத்து, "சோமேசா" என்று விளித்து, அடுத்த இரண்டு அடியில் குறளை அப்படியே, ஓர் எழுத்து மாற்றாமல் வைத்துவிடுவார். எண்ணிப் பாருங்கள், நூலில் பாதி அவருடையது இல்லை. ஆனாலும் அது சிவஞான முனிவர் நூல்தான், யாரும் வள்ளுவர் பெயரில் சேர்ப்பதில்லை. குறள் அறத்தைப் பொதுவாகச் சொல்கிறது, முனிவர் அதற்கு மேலே ஒரு கதையைக் கொண்டுவந்து பொருத்தியதும் அதே குறள் வேறு மாதிரி கேட்கிறது. அந்தப் பொருத்தம்தான் அவர் வேலை. இரங்கேச வெண்பாவும் இந்த வகைதான்.

அதற்கும் முன்னால் மணிமேகலையில் சாத்தனார் "தெய்வம் தொழாஅள்" குறளைக் கதைக்குள்ளேயே எடுத்து வைத்து, "பொய்யில் புலவன் பொருளுரை" என்று மரியாதையும் செய்துவிட்டுப் போகிறார். நன்னூல் பாயிரத்தில் பவணந்தி இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். முன்னோர் சொன்ன பொருளை மட்டுமல்ல, அவர்கள் சொல்லையும் "பொன்னேபோல் போற்றுவம்" என்று ஒரு கொள்கை இருக்கிறது, முன்னோர் சொல்லை வழிநூலில் அப்படியே ஏற்பதற்கு அதுதான் காரணம் என்கிறார்.

உங்கள் கவிதையில் நான் நின்ற இடம் கடைசி இரண்டு வரி. பத்திரத்தில் வேப்ப மரம் எங்கே இருந்திருக்கும்? சொத்து விவரத்தில், மனையோடு சேர்ந்து கைமாறுகிற பொருள்களின் பட்டியலில். சாட்சிகள் பகுதியில் ஆள் பெயர்தான் இருந்திருக்கும். மரத்தை அங்கிருந்து எடுத்து இங்கே வைத்தது பத்திரம் எழுதியவர் இல்லை அம்மா, நீங்கள்.

கல்மேடை:

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எனக்குச் சம்மதமில்லை. சிவஞான முனிவர் முதல் இரண்டு அடியை எழுதினாரே. வெண்பா தளை தட்டாமல் ஒரு முழுக் கதையை இரண்டு அடிக்குள் அடக்குவது லேசான காரியமா? இங்கே கத்தரி மட்டும்தானே வேலை செய்திருக்கிறது. ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் காத்திருந்து, அது வந்ததும் கிடைக்கிற நிம்மதி கவிதை எழுதுகிற எல்லாருக்கும் தெரியும். மேசை மேல் ஐந்நூறு சொல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு பொறுக்குகிறவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

இன்னொன்று, என் சொந்த அனுபவம். இரண்டு வருடம் முன்னால் என் கவிதையிலிருந்து மூன்று வரியையும் வேறு இரண்டு பேர் வரிகளையும் கோத்து ஒருவர் தன் பக்கத்தில் போட்டார். யார் பெயரும் இல்லை. கேட்டதற்கு "கொலாஜ்" என்றார். அந்த மூன்று வரி என் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது எழுதியது. வேறொருவர் காதல் கவிதைக்குள் அதைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். சகோதரி, உங்களைச் சொல்லவில்லை. இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத்தான் சொல்கிறேன்.

பொட்டலம்:

நான் ஆறேழு வருடமாக இதைச் செய்கிறேன். காத்திருப்பு இல்லை என்று கல்மேடை அண்ணன் சொன்னதற்கு என் மேசையிலிருந்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

தமிழில் வெட்டி ஒட்டுவது ஆங்கிலத்தில் செய்வது போல் கிடையாது. அங்கே வீட்டுக்கு ஒரு சொல், உள்ளே என்பதற்குத் தனியாக ஒரு சொல். இரண்டையும் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். நமக்கு வேற்றுமை சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. "வீட்டில்" என்று வெட்டினால் வீட்டில்தான், அதை "வீட்டை" ஆக்க முடியாது, மறுபடி பழைய தாள்களைப் புரட்ட வேண்டும். ஒற்று அதைவிடக் கஷ்டம். ஒருமுறை பழைய வார இதழ் ஒன்றிலிருந்து "கடலைப்" என்று ஒரு சொல் எடுத்தேன். அழகான தடித்த எழுத்து. அந்தக் கடைசி "ப்" இருக்கிறதே, அது அடுத்த சொல்லை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. அங்கே "பார்த்து" இருந்திருக்க வேண்டும், எனக்கு வேண்டியது "கேட்டு". அந்த "ப்" எழுத்தை வெட்டி எறியலாம், அதைச் செய்வதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். எழுத்தை வெட்டிச் சொல்லைச் செய்ய ஆரம்பித்தால் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம், அப்புறம் கடன் வாங்கியதற்கு அர்த்தம் இல்லை. நாலு மாதம் கழித்து ஒரு மளிகைக் கடைப் பொட்டலத்தில் "புதைத்து" கிடைத்தது. கடலைப் புதைத்து. நானாக உட்கார்ந்து எழுதியிருந்தால் ஆயுசுக்கும் இந்தச் சொற்சேர்க்கை எனக்கு வந்திருக்காது.

வினைமுற்று வெட்டவே மாட்டேன். "வந்தான்" என்றால் ஆண், ஒருவன், நடந்து முடிந்தது, எல்லாம் பூட்டியாகிவிட்டது. பெயரெச்சம்தான் எனக்குப் பொக்கிஷம். உடைந்த, காணாமல் போன, அனுமதிக்கப்பட்ட, நிலுவையில் உள்ள. எதன் முன்னாலும் உட்காரும். நாளிதழில் "நிலுவையில் உள்ள" என்று வந்தாலே வெட்டி டப்பாவில் போட்டுவிடுவேன். வழக்கு நிலுவையில் உள்ளது என்று எழுதுவார்கள், அதை மழைக்கு முன்னால் ஒட்டிப் பாருங்கள்.

நான்கெல்லை அக்கா, உங்கள் கவிதையிலும் "அனுபவித்து வந்த" என்று பெயரெச்சத்தில் நிற்கிறது, அதை அடுத்து பெயர் எதுவும் வரவில்லை. அது வேண்டுமென்றே விட்டதா? எனக்கு அந்தத் தொங்கல் பிடித்திருந்தது, ஆனால் "யாதொரு வில்லங்கமும்" அதோடு ஒட்டிக்கொண்டு, அனுபவித்து வந்த வில்லங்கம் என்று தப்பாகவும் படிக்க இடம் கொடுக்கிறது. ஒரு வரி இடைவெளியாவது விடுங்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது தினசரி காலண்டர். தேதி கிழிக்கிற காலண்டர் தாளில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல் போட்டிருப்பார்கள், வரவு, பகை, சுகம், மறதி என்று. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சொல், ஒன்றுக்கும் வேற்றுமை உருபு இல்லை, ஒற்று இல்லை. அப்பா தவறிய அன்றைய தாளை எடுத்து வைத்திருந்தேன். வருடம் திரும்பிய பிறகு அதை எடுத்து ஏழு சொல்லை மட்டும் வெட்டி வரிசை மாற்றி ஒட்டினேன்.

அலைச்சல்
செலவு
பொறுமை
நம்பிக்கை
தாமதம்
பயம்
அமைதி

எந்த ராசிக்கு எது என்பதை எடுத்துவிட்டேன். அந்த ஒரு நாள் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் எங்களுக்கு எப்படிப் போனது என்பது அதில் இருக்கிறது. அண்ணா, இதை ஒட்ட எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. காத்திருப்பு இல்லை என்று சொல்லாதீர்கள்.

(வேலை சம்பந்தமாக ஒன்று. தண்ணீராக இருக்கிற வெள்ளைப் பசை நாளிதழ்த் தாளை ஊறவைத்துவிடும், பின்பக்க அச்சு முன்னால் தெரியும். பசைக்குச்சி போதும். வெட்டிய சொற்களைத் தீப்பெட்டிகளில் அகர வரிசையில் போட்டு வைத்தால் தேடுவது எளிது.)

மழைக்காலம்:

தீப்பெட்டி என்றதும் ஹெர்டா முல்லர் ஞாபகம் வந்துவிட்டது. 2009-ல் இலக்கிய நோபல் வாங்கியவர். ருமேனியாவில் ஜெர்மன் பேசும் சிறுபான்மைக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார், ரகசியப் போலீசுக்குத் தகவல் சொல்ல மாட்டேன் என்றதால் வேலை போனது. 1987-ல் மேற்கு ஜெர்மனிக்குப் போனார். நாவல்களுக்காகத்தான் உலகம் அவரை அறியும், ஆனால் ஒட்டுக்கவிதைத் தொகுப்புகளே பல வெளியிட்டிருக்கிறார். பயணத்தில் இருக்கும்போது நண்பர்களுக்கு அனுப்பும் அட்டைகளில் வெட்டிய சொற்களை ஒட்டி அனுப்பத் தொடங்கியது இப்படி வளர்ந்தது. வண்ண இதழ்களிலிருந்து சொல் சொல்லாக வெட்டி, இழுப்பறைகளில் அகர வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார். அஞ்சலட்டை அளவு அட்டைதான் எல்லை. அட்டை முடிந்தால் கவிதையும் முடிய வேண்டும்.

அவருடைய அட்டைகளைப் படமாகப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு நிறம், வேறு எழுத்துரு, வேறு அளவு. எந்தச் சொல்லும் பக்கத்துச் சொல்லோடு கரைந்துபோவதில்லை. நாம் தட்டச்சு செய்யும்போது எல்லாச் சொல்லும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது, அங்கே ஒவ்வொன்றும் தான் எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொண்டே நிற்கிறது. ஓர் அரசாங்கமே மொழியைப் பிடித்து வைத்திருந்த நாட்டிலிருந்து வந்தவருக்குச் சொல்லைத் தனித்தனியாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றியது என்பது எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. இது என் ஊகம்தான், அவர் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதனால் நான்கெல்லை, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கவிதையைத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறீர்கள். அந்தக் கையெழுத்தோடு, வெட்டிய ஓரங்களோடு படமாகப் போடுங்கள். இது பத்திரம் என்பது பார்த்தவுடனே தெரியும்போது, யாருடையது என்ற கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

கல்மேடை:

பொட்டலம் தம்பி, அந்த ஏழு சொல்லை மூன்று முறை வாசித்தேன். காத்திருப்பு பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் எல்லா ஒட்டும் ஒன்றில்லை என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். 1920-ல் டிரிஸ்டன் ஸாரா என்ற கவிஞர் ஒரு செய்முறை சொன்னார், நாளிதழை வெட்டு, சொற்களைப் பையில் போட்டுக் குலுக்கு, கைக்கு வருகிற வரிசையில் எழுது, கவிதை தயார் என்று. முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. அறிவாளிகள் பேசிய அழகான மொழியெல்லாம் எங்கே கொண்டுபோய் விட்டது என்ற ஆத்திரம் அந்தப் பைக்குள் இருந்தது. அது அந்தக் காலத்துக்கு நியாயம். இன்று அதே பையை ஒருவர் குலுக்கினால் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. ஏனென்றால் அங்கே யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. உன் காலண்டர் தாளில் பன்னிரண்டில் ஐந்தை நீ விட்டிருக்கிறாய். எதை விட்டாய் என்பதில்தான் நீ இருக்கிறாய்.

என் மூன்று வரி விஷயம் அப்படியே இருக்கிறது. அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

வழக்குக்கட்டு:

அதற்கு நான் முயல்கிறேன். பழைய சட்ட ஆவணங்களோடு புழங்குகிற வேலை எனக்கு.

சட்டம் என்று பார்த்தால், இந்தியாவில் ஒருவர் எழுதியது அவர் வாழ்நாள் முழுக்கவும், இறந்த பின் 60 வருடமும் அவர் உரிமை. நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை அந்த 60 வருடத்துக்கு முன்பே யாரும் பதிப்பிக்கலாம், அது வேறு. ஆனால் கல்மேடை கேட்பது சட்டம் இல்லை என்று நினைக்கிறேன். பெயர் சொல்லாமல் எடுத்தது முதல் தவறு, வலியிலிருந்து வந்த வரியை அந்த வலி தெரியாமல் எடுத்தது அதைவிடப் பெரிய தவறு. சென்டோ என்று லத்தீனில் ஒரு வடிவம் உண்டு, ஒட்டுப்போட்ட துணி என்று பொருள். 4ஆம் நூற்றாண்டில் ஔசோனியஸ் என்ற கவிஞர் பழைய ரோமானியக் கவி வர்ஜிலின் வரிகளை மட்டும் வைத்து ஒரு திருமணப் பாட்டுச் செய்தார். பேரரசர் வாலன்டீனியன் அதே மாதிரி ஒன்று செய்துவிட்டு இவரையும் செய்யச் சொன்னாராம். ஔசோனியஸ் அதற்கு விதியும் எழுதி வைத்தார், இரண்டு முழு வரியை மூலத்தில் இருந்த வரிசையிலேயே அடுத்தடுத்து எடுப்பது பலவீனம், மூன்று எடுத்தால் வெட்டி வேலை என்று. அங்கே பெயர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, படித்தவர் எல்லாருக்கும் வர்ஜில் மனப்பாடம். குறளும் நமக்கு அப்படித்தான். உயிரோடு இருக்கிற, அதிகம் அறியப்படாத ஒரு கவிஞரின் வரி அப்படி இல்லை. கேட்பவருக்குத் தெரியாது என்ற தைரியத்தில் எடுப்பது திருட்டு. உங்களுக்கு நடந்ததும் அதுதான் கல்மேடை, எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆவணத்திலிருந்து எடுப்பதிலும் ஒரு கடன் இருக்கிறது. எம். நூர்பெஸி ஃபிலிப் என்று ஒரு கவிஞர், டொபேகோவில் பிறந்து கனடாவில் வாழ்பவர், முன்பு வழக்கறிஞர். 1781-ல் ஸாங் என்ற அடிமைக் கப்பலிலிருந்து நூற்றுமுப்பது பேருக்கு மேல் உயிரோடு கடலில் வீசப்பட்டார்கள். கப்பல்காரர்கள் அதற்குக் காப்பீட்டுப் பணம் கேட்டார்கள். 1783-ல் லண்டனில் வழக்கு நடந்தது. கொலை வழக்கு இல்லை, சரக்குக்கு இழப்பீடு யார் கொடுப்பது என்ற வழக்கு. மிஞ்சியிருப்பது ஒரு சின்ன வழக்கறிக்கை. ஃபிலிப் அந்த அறிக்கையின் சொற்களுக்குள்ளேயே தன்னைப் பூட்டிக்கொண்டு ஒரு புத்தகம் செய்தார், 2008-ல் வந்தது. சொற்களை உடைத்து, பக்கம் முழுக்கச் சிதறவிட்டு, தண்ணீரில் மூச்சு முட்டுகிற மாதிரி. முதல் பகுதியில் பக்கத்தின் அடியில் பெயர்கள் வரும். அறிக்கையில் இறந்தவர் ஒருவர் பெயர்கூட இல்லை, அதனால் பெயர்களை அவரே கொடுத்தார். அவர்களைச் சரக்கு என்று எழுதிய அதே சொற்களை எடுத்து அவர்களுக்காக அழுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். என் சொந்தச் சொற்களில் எழுதுகிறேன் என்று அவர் போயிருந்தால் அந்த அறிக்கை அப்படியே பத்திரமாக இருந்திருக்கும்.

சார்லஸ் ரெஸ்னிகாஃப் என்ற கவிஞர் அமெரிக்க நீதிமன்றப் பதிவுகளை இதே போல் எடுத்தாண்டார், 1885 முதல் 1915 வரையிலான வழக்குகள். ஆலையில் கை போனவர்கள், அடிபட்ட குழந்தைகள். உவமை இல்லை, அழுகை இல்லை, சாட்சி சொன்னது மட்டும். அவரும் சட்டம் படித்தவர்.

நான் எனக்கு வைத்திருக்கும் அளவு இதுதான். ஆவணத்தைத் தொடும் முன், அதில் பேசுவது யார், பேசப்படுவது யார் என்று பார்த்துக்கொள்வேன். நான்கெல்லை, உங்கள் பத்திரத்தை அப்படிப் பார்த்தீர்களா?

கீழ்க்கையொப்பம்:

வணக்கம். நான் கவிதை எழுதுகிறவன் இல்லை, பத்திர எழுத்தர். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தம்பி மகள் இந்த இழையை அனுப்பி, பெரியப்பா உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாள். அதனால் வந்தேன்.

பத்திரம் எழுதியவரைப் பாராட்ட வேண்டும் என்று அந்தப் பெரியவர் சொன்னாராம். அந்தப் பாராட்டை எங்களால் வாங்கிக்கொள்ள முடியாது. நாங்கள் எழுதும் வாசகம் எதுவும் நாங்கள் ஆக்கியதில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு நீள நோட்டில் கிரயம், தானம், பாகப்பிரிவினை, அடமானம் என்று ஒவ்வொன்றுக்கும் மாதிரி எழுதி வைத்திருந்தார். அவர் தன் குருவின் நோட்டைப் பார்த்து எழுதியது அது. நாங்கள் பெயரும் அளவும் தேதியும் மாற்றுவோம். நீங்கள் எடுத்த ஜலம், தரு, பாஷாணம் என்பது எட்டு சேர்ந்த வரிசை, அஷ்டபோகம் என்பார்கள். நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம், ஆகாமி, சித்தம், சாத்தியம். தரு மரம், பாஷாணம் கல். ஆகாமி என்றால் இனிமேல் வரப்போவது. மண்ணோடு சேர்த்து இனி வரப்போவதையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இப்போது கணினியில் தட்டச்சு செய்யும்போது இதையெல்லாம் பலர் சுருக்கிவிடுகிறார்கள், எனக்கு வருத்தம்தான்.

இதற்காகத்தான் எழுத வந்தேன். அம்மா, நீங்கள் "இதன் மத்தியில் நான்" என்று போட்டிருக்கிறீர்கள். படிக்கும்போது உங்கள் தாத்தாவோ நீங்களோ வீட்டுக்கு நடுவில் நிற்பது போல இருக்கிறது. ஆனால் கிரையப் பத்திரத்தில் நான் என்று வருகிறவர் எழுதிக் கொடுப்பவர். விற்றவர். வாங்கியவர் தாங்கள், தங்களுக்கு என்று வருவார். "ஆண்டு அனுபவித்து வந்த" என்பதும் விற்றவர் அனுபவித்து வந்ததுதான். 1974-ல் அந்த வீட்டை விட்டுப் போனவர் ஒருவர் இருக்கிறார் அல்லவா, அந்த நான் அவருடையது.

தப்பாக நினைக்க வேண்டாம். தொழில் கண்ணில் பட்டது, சொன்னேன்.

பொட்டலம்:

ஐயா, நீங்கள் வந்து எழுதியதற்கு ரொம்ப நன்றி. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நான்கெல்லை:

மூன்று நாளாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

கீழ்க்கையொப்பம் ஐயா எழுதியதைப் படித்ததும் பிரதியின் மிச்சத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே இருக்கிறது, இன்னார் மகன் இன்னார் ஆகிய நான் என்று. தாத்தா பெயர் அதற்கு மேலே, தங்களுக்கு என்று. எத்தனை முறை வாசித்திருப்பேன், எங்கள் வீட்டுப் பத்திரம் என்பதால் எல்லா "நான்" என்பதையும் எங்கள் குடும்பம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன். வழக்குக்கட்டு கேட்ட கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அப்பாவுக்கு போன் செய்தேன். விற்றவரை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார். மூத்த மகள் கல்யாணத்துக்காக விற்றாராம். அதற்கப்புறம் வருடா வருடம் பங்குனி கடைசியில் வருவாராம், வருடப்பிறப்புக்கு வேப்பம்பூ எடுக்க. வேப்பமரம் இல்லாத தெருவா என்ன, ஆனாலும் இங்கேதான் வருவாராம். பாட்டி முறத்தில் எடுத்து வைத்திருந்து கொடுப்பாராம். உள்ளே வாங்க என்றால் வர மாட்டாராம், திண்ணையோடு சரி. அப்பா இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இந்தத் தையில் புதுப் பத்திரத்தில் அப்பாதான் நான்.

முதல் ஒட்டில் சொற்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன, பிரிக்க முடியவில்லை. தம்பியிடம் இன்னொரு பிரதி வாங்கி மறுபடி வெட்டினேன். பொட்டலம் சொன்ன பெயரெச்சத்தை எடுத்துவிட்டேன். ஆகாமி இந்த முறை உள்ளே வந்துவிட்டது.

தெருவுக்கு வடக்கு
கிணற்றுக்குத் தெற்கு
இதன் மத்தியில்

ஜலம், தரு, பாஷாணம்
ஆகாமி
தங்களுக்கு

யாதொரு வில்லங்கமும் இல்லை
நான்
ரொக்கமாய்ப் பற்றிக்கொண்டு
நாளது தேதியில்

சாட்சி
வேப்ப மரம் ஒன்று

அடியில் "1974ஆம் வருடத்துக் கிரையப் பத்திரம் ஒன்றிலிருந்து, எழுதிக்கொடுத்தவருக்கு" என்று என் கையால் எழுதியிருக்கிறேன். மழைக்காலம் கேட்டபடி படமும் எடுத்தேன், பெயர்கள் எதுவும் தெரியாதபடி பார்த்துக்கொண்டு நாளை ஏற்றுகிறேன். என் பெயரைப் போடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஈற்றடி:

போடுங்கள் அம்மா. தொகுத்தவர் என்றாவது போடுங்கள். சங்கப் பாட்டைத் தொகுத்தவர்களுக்கும் அந்த மரியாதை உண்டு.

கல்மேடை:

"இல்லை நான்" என்று ஒரு மூச்சில் படித்தால் ஒன்று, நிறுத்திப் படித்தால் ஒன்று. முதல் வடிவத்தில் இது இல்லை. பெயரைப் போடுங்கள் சகோதரி, அந்தக் கூட்டத்திலேயே மறுபடி வாசியுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். மரம் இருக்கிறதா?

நான்கெல்லை:

இருக்கிறது. அப்பாவிடம் அதையும் கேட்டேன். வாங்கியவர்கள் வெட்டவில்லை, பக்கத்தில் வண்டி நிறுத்த ஒரு கூரை மட்டும் போட்டிருக்கிறார்களாம்.

புதுப் பத்திரத்தின் நகலையும் எடுத்துப் பார்த்தேன். கணினியில் அடித்தது, ஆறு பக்கம். சொத்து விவரத்தில் வீடும் மனையும் என்று மட்டும் இருக்கிறது. மரத்தை எழுதவில்லை.